கொழும்புக்கு முதன்முறை வருவோர்க்கு



"கொழும்பிலே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, அண்ணை?" என்று எங்கள் ஊர் உறவினர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் கேட்டார். மகளின் மேற்படிப்பு தொடர்பான அலுவல் ஒன்றுக்காக, அம்மகளையும் கூட்டிக்கொண்டு, முதன்முறையாக அவர் தலைநகருக்குப் புறப்பட ஆயத்தமாயிருந்தார். நான் காணத்தக்க இடங்களை ஒன்றிரண்டாகச் சொல்லத் தொடங்கினேன். அவரோ இடைமறித்து, "இல்லை, காலையில் அலுவலை முடித்துவிட்டு இரவு பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்ற விடையையே அவர் என்னிடம் எதிர்பார்த்தார் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

அவரைக் குறை கூற எனக்கு உரிமை இல்லை. 1994 ஆம் ஆண்டு நான் முதன்முதலாகக் கொழும்புக்கு வந்தேன். கிளாலிக் கடல்நீரேரியை இரவிற் படகிலே கடந்து, வவுனியாவில் அனுமதிக்காகக் காத்திருந்து, புகையிரதம் ஏறி வந்த பயணம் அது. வெள்ளவத்தையில் ஒரு விடுதியில் மூன்று வாரம் தங்கினேன். கையொப்பம் ஒன்று வேண்டியிருந்தது. அது வந்துசேர மூன்று வாரம் ஆயிற்று. விடுதிக்கும் அலுவலகத்துக்கும் இடையிலுள்ள பாதையைத் தவிர நான் வேறொன்றையும் அறியவில்லை. சட்டைப்பையிலிருந்த அடையாள அட்டையை நிமிடத்துக்கொரு முறை தொட்டுப் பார்த்தபடி நடந்ததுதான் நினைவில் நிற்கிறது. விடுதியிலிருந்து கடல் இருநூறு யார் தூரம்கூட இராது. புறப்படுவதற்கு முந்திய மாலைதான் அதனைச் சென்று பார்த்தேன். எங்கள் தலைமுறையினர் பலருக்குக் கொழும்பு என்றால் காத்திருக்கும் இடம் என்றே பொருள். அப்பழக்கம் காரணம் நீங்கிய பின்னரும் நீங்காமல் நிற்கிறது. அதனாலேயே இன்று, முதன்முறை வரும் ஒருவர் இந்நகரை எவ்வாறு காணலாம் என்பதுபற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். உயர்தர வகுப்பு மாணவரை ஆண்டுதோறும் இங்கு அழைத்து வருபவன் என்ற வகையில் எனக்குக் கிடைத்த சிறு அனுபவமே இதற்கு ஆதாரம்.

முதலில் ஒரு திருத்தம். ஆட்சித் தலைநகர் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டை என்று பாடநூல் கூறும்; அது சரியே. 1982 இல் பாராளுமன்றம் அங்கு சென்றது. ஆயினும் துறைமுகமும் வணிகமும் பெரும்பாலான அலுவலகங்களும் கொழும்பிலேயே உள்ளன. சாதாரண மக்கள் வழக்கிலே தலைநகர் என்றால் கொழும்புதான். நானும் அவ்வாறே வழங்குகிறேன்.

கொழும்பிலே வழி தவறாதிருக்க இரண்டு செய்திகளை மனத்திற் கொண்டாற் போதும். ஒன்று, கடல் எப்பொழுதும் மேற்கே இருக்கிறது. கோட்டையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்பவருக்கு அது வலக்கைப் பக்கம். கடலுக்கு இணையாக ஓடுவது காலி வீதி. திசை மயங்கினால், "கடல் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள், எவரும் கை நீட்டிக் காட்டுவர். மற்றது, நகரின் பகுதிகளுக்கு இட்டிருக்கும் எண்கள். கொழும்பு 1 என்பது கோட்டை. அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே இறங்கினால் 2 கொம்பனித்தெரு, 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை. பின்னர் எண்கள் உட்பக்கமாகத் திரும்பி வடக்கே ஏறுகின்றன. 7 கறுவாத்தோட்டம், 10 மருதானை, 11 புறக்கோட்டை, 13 கொட்டாஞ்சேனை என்று சென்று, களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் 15 உடன் முடிவடைகின்றன. விலாசத்திலுள்ள இந்த எண்ணை அறிந்தவர் முச்சக்கர வண்டிக்காரரிடம் ஏமாறுவது குறைவு. மீற்றர் பூட்டிய வண்டியில் ஏறுவதும், பூட்டாததாயின் ஏறுமுன்னரே கூலியைப் பேசிக்கொள்வதும் நன்று.

இனி, எங்கே தொடங்குவது? சுற்றுலாப் பிரசுரங்கள் கோபுரங்களிலும் பெரிய விடுதிகளிலும் தொடங்கும். நான் கூறும் வழி வேறு. ஆடி மாதத்திலே செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து வேல் தேரேறிப் புறப்பட்டு, காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில்களை அடையும். நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடக்கிய ஆடிவேல் விழா அது. வடக்கே கொட்டாஞ்சேனையில் தொடங்கித் தெற்கே வெள்ளவத்தையில் முடியும் ஒரு பயணத்துக்கு அந்த வேலின் பாதையே தக்க வழிகாட்டி. இரு முனைகளிலும் தமிழ் பேசுவோர் செறிந்து வாழ்கின்றனர். இடையிலே நாட்டின் எல்லா மக்களும் உள்ளனர். இரு முனைகளுக்கும் இடைத்தூரம் ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர்தான். ஒரு நாளில் ஓடி முடிக்கலாம். இரு நாளில் கண்டு முடிக்கலாம்.

காலை ஆறரை மணிக்கெல்லாம் கொச்சிக்கடையில் நில்லுங்கள். வெயில் ஏறிவிட்டால் அங்கு நடப்பது கடினம். ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில் முதலிற் புகுவீராக. பொன்னம்பல முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைத்த கோயிலை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரையான ஆண்டுகளில் முழுவதும் கருங்கல்லால் மீளக் கட்டுவித்தார். வெளியே துறைமுகத்துப் பாரவண்டிகள் இரைந்துகொண்டிருக்க, உள்ளே கல்லின் குளிர்ச்சியும் இருளும் நம்மைத் தென்னாட்டுப் பெருங்கோயில் ஒன்றுக்கு அழைத்துச் சென்றுவிடும். தூண்களை நின்று பாருங்கள். எங்கள் மாணவர் பலர் சுவாமியைக் கும்பிட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் வெளியேறப் பார்ப்பார்கள். நான் அவர்களை மண்டபத்தில் அமரச் செய்து, ஆளுக்கொரு தூணைத் தெரிந்து அதிலுள்ள உருவங்களை எழுதித் தருமாறு பணிப்பதுண்டு. முணுமுணுத்துக்கொண்டே தொடங்கி, எழும்ப மனமின்றி முடிப்பார்கள்.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம் இருக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில் மறைந்து வாழ்ந்த குருவானவர் ஒருவரின் வரலாற்றோடு இத்தலம் தொடர்புடையது. செவ்வாய்க்கிழமைகளிலே இங்கு வரும் கூட்டத்தில் கத்தோலிக்கர் யார், சைவர் யார், பௌத்தர் யார் என்று பிரித்தறிய இயலாது. நெற்றியிலே திருநீற்றுடன் மெழுகுதிரி ஏற்றும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, மூன்று தேவாலயங்களிலும் மூன்று விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தேவாலயங்களுள் இது ஒன்று. அதே ஆண்டு யூன் மாதத்தில் திருத்தப்பட்டு மீளத் திறக்கப்பட்டது. வாயிலில் உங்கள் பையைத் திறந்து காட்டும்படி கேட்பர்; முகங் கோணாது காட்டுங்கள். உள்ளே சற்று நேரம் பேசாதிருங்கள். அங்கு நிற்பவர்களுள் உறவை இழந்தவர் எவர் என்பது நமக்குத் தெரியாது.

கொட்டாஞ்சேனையில் இன்னும் உண்டு. புனித லூசியா பேராலயத்தின் பெருங்குவிமாடத்தைத் தூரத்திலிருந்தே காணலாம். மேட்டின்மீது நிற்கும் உல்வெண்டால் தேவாலயம் ஒல்லாந்தர் 1757 இல் வழிபாட்டுக்குத் திறந்தது. அதன் சுவர்களின் தடிப்பைப் பார்த்தால் கோட்டையா கோயிலா என்ற ஐயம் எழும். 1873 இல் பாணந்துறையில் நடந்த புகழ்பெற்ற சமய வாதத்திற் பௌத்தர் பக்கம் நின்று வாதாடிய குணானந்த தேரர் வாழ்ந்த தீபதுத்தாராம விகாரையும் இங்கேதான். விவேகானந்த மேடு என்ற பெயர் எதனால் வந்தது என்று மாணவரைக் கேட்டால் விழிப்பார்கள். 1897 ஆம் ஆண்டு சனவரி 15 ஆம் திகதி மேலைநாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் முதலிற் கால் வைத்த துறை கொழும்பு. திரும்பியபின் அவர் கீழைநாட்டில் ஆற்றிய முதற் சொற்பொழிவும் இந்நகரிலேயே நிகழ்ந்தது. அவர் பெயரால் 1902 இல் தோன்றிய விவேகானந்த சபை இன்றும் அம்மேட்டிலே இயங்குகிறது.

இங்கிருந்து புறக்கோட்டைக்குச் செல்லும் வழியில் உள்ளது செட்டியார் தெரு. ஆங்கிலத்தில் இதற்குக் கடல் தெரு என்று பெயர்; இன்று கடலும் தெரியாது, செட்டியார்களும் மிகக் குறைவு. தெரு முழுவதும் நகைக்கடைகள். பவுண் விலை கேட்க விருப்பமில்லாதவர்கள் மேலே நோக்கி நடக்கலாம். பழைய வீடுகளின் மேல்மாடிகளிலே மரவேலைப்பாடுகள் சில இன்னும் மிஞ்சியிருக்கின்றன.

புறக்கோட்டையைப்பற்றி எச்சரிப்பவர்களே அதிகம். சனக்கூட்டம், இரைச்சல், பொய்விலை என்பர். மூன்றும் உண்மையே. ஆயினும் அதைக் காணாதவர் கொழும்பைக் கண்டவராகார். ஆங்கிலேயர் இதற்கு வழங்கிய 'பெற்றா' என்ற பெயர் நமது 'பேட்டை' என்னும் சொல்லே. முதலாம் குறுக்குத் தெரு முதல் ஐந்தாம் குறுக்குத் தெரு வரை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகைப் பண்டம் குவிந்திருக்கும்: மின்சாதனம் ஓரிடம், துணி ஓரிடம், சரக்கும் பலசரக்கும் ஓரிடம். பத்து அடி நடப்பதற்குள் "பாரம், பாரம்" என்ற குரல் பின்னால் கேட்கும். உடனே ஒதுங்கிவிடுங்கள். தள்ளுவண்டியை இழுத்துவரும் தொழிலாளிக்கு நிற்க நேரமில்லை. அவரை இங்கு 'நாட்டாமை' என்பர். ஊரிலே நாட்டாமை என்றால் நாலு பேருக்குத் தலைவர். புறக்கோட்டையில் நாற்பது மூட்டைக்குத் தோள் கொடுப்பவர். இத்தொழிலுக்கு மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர் பலர். சொற்களின் விதி மனிதரின் விதியைப் போலவே விசித்திரமானது.

இரண்டாம் குறுக்குத் தெருவில், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்டாற் போல் நிற்பது ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல். சம்மாங்கோட்டுப் பள்ளி என்றே நகரத்தார் வழங்குவர். தென்னிந்திய முஸ்லிம் வணிகரின் முயற்சியால் 1908 இல் தொடங்கி 1909 இல் முடிந்த கட்டடம் இது. உயர்ந்த மாடிகள் எழுவதற்கு முன்னர், துறைமுகத்தை நெருங்கும் மாலுமிகள் இதன் மினாராக்களைக் கொண்டே கொழும்பை அடையாளங் கண்டனர் என்பர். தொழுகை நேரம் தவிர்ந்த வேளைகளில், கை கால் மறையும் உடையுடன் செல்லும் பிற சமயத்தவரையும் உள்ளே அனுமதிப்பர். வெள்ளி நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். பொதுவாக, சமயத் தலங்களைக் காண வருவோர் தோளும் முழங்காலும் மறையும் உடையையும், இலகுவிற் கழற்றும் செருப்பையும் அணிவது உத்தமம். ஞாயிற்றுக்கிழமைகளில் புறக்கோட்டைக் கடைகள் பல பூட்டியிருக்கும். நடைபாதை வியாபாரம் மட்டும் அமோகமாக நடக்கும்.

கோட்டைப் பகுதியில் நீண்ட நேரம் செலவிட வேண்டியதில்லை. அங்குள்ள மணிக்கூட்டுக் கோபுரத்தை மட்டும் நின்று பாருங்கள். 1857 இல் எழுந்த இக்கோபுரம் சில ஆண்டுகளின் பின் வெளிச்ச வீடாகவும் ஆயிற்று. சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து ஒளியை மறைத்தமையால் 1952 இல் விளக்கு ஓய்வு பெற்றது. நடுத்தெருவிலே நின்று கப்பல்களுக்கு வழிகாட்டிய கோபுரம் உலகில் வேறெங்கும் உண்டோ நான் அறியேன். முந்நூற்றைம்பது மீற்றர் உயரமுள்ள தாமரைக் கோபுரம் 2022 முதல் மக்களுக்குத் திறந்திருக்கிறது. மேலே ஏற விரும்புவோர் ஏறலாம். எனக்கு, நகரை உயரத்திலிருந்து பார்ப்பதிலும் அதன் தெருவிலே நின்று பார்ப்பதே பிடிக்கும். இது வயதின் கோளாறாகவும் இருக்கலாம்.

முதல் நாள் மாலை காலிமுகத்திடலுக்கு உரியது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்டு காலத்தில் அமைந்து 1859 இல் நிறைவுற்ற உலாவெளி இது. பட்டம் விடும் சிறுவர், இறால் வடை விற்போர், புதுமணத் தம்பதிகள், ஓய்வு பெற்ற கிழவர்கள் என்று எல்லாரும் கூடும் இடம். 1930 இல் எழுந்த பழைய பாராளுமன்றக் கட்டடம் வடக்கு முனையில் நிற்கிறது. கடலை நிரப்பி எழுப்பிய துறைமுக நகரம் அதற்கப்பால் தெரியும். 2022 ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது பல மாதங்களாகப் பெருந்திரளான மக்கள் கூடாரமடித்துப் போராடியதும் இத்திடலிலேயே. வடையை வாங்கும்போது எண்ணெய் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் கையிலிருந்து பறித்துச் செல்லும் காகங்களுக்கும் ஒரு கண் வையுங்கள்.

இரண்டாம் நாள் காலையை நூதனசாலைக்கு ஒதுக்குங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். கறுவாத்தோட்டத்தில், பரந்த ஆலமரங்களின் பின்னே வெண்ணிறமாக நிற்கும் தேசிய நூதனசாலை, தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் முயற்சியால் 1877 ஆம் ஆண்டு முதல் நாள் திறக்கப்பட்டது. கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார் என்னும் முஸ்லிம் ஒப்பந்தகாரர். கைம்மாறாக என்ன வேண்டும் என்று வினவியபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்பதையே அவர் கேட்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. கண்டி மன்னரின் முடியும் சிம்மாசனமும் இங்கே உள்ளன. ஆங்கிலேயர் கொண்டுசென்ற அவை 1934 இல் திரும்பி வந்தன. பொலன்னறுவையிற் கண்டெடுத்த சைவ வெண்கலப் படிமங்கள் இருக்கும் பகுதியை அவசரமாகக் கடக்க வேண்டாம். நடராசரை நாம் நூறு இடத்திற் கண்டிருப்போம். பொலன்னறுவை மண்ணிலிருந்து எழுந்த நடராசர் கூறும் வரலாறு வேறு.

ஆனால் என் மாணவரை நான் நேரே அழைத்துச் செல்வது ஒரு கல்லின் முன்னேதான். காலியிலே 1911 ஆம் ஆண்டு, நீரோடை ஒன்றின் மேல் குப்புறக் கவிழ்ந்து மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்ட கல் அது. சீனப் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நிறுத்தியது. அதிலுள்ள ஆண்டு 1409. ஒரே கல்லில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீன மொழிப் பகுதி புத்தருக்குச் செய்த காணிக்கைகளைக் கூறுகிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் எழுந்தருளியிருந்த திருமாலாகிய தெனாவரை நாயனாருக்குச் செய்தவற்றைக் கூறுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயரால் அமைந்தது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்றிலும் காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒத்தே செல்கிறது.

சென்ற முறை இக்கல்லின்முன் நின்ற மாணவன் ஒருவன், வகுப்பிலே வாய் திறவாதவன், என்னைப் பார்த்து, "சேர், சீனாக்காரன் சிங்களத்தில் எழுதாமல் ஏன் தமிழில் எழுதினான்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இந்துசமுத்திரத் துறைமுகங்களிலே அக்காலத்தில் வணிகர் பேசிய மொழிகளுள் தமிழும் ஒன்று, பாரசீகமும் ஒன்று. கரையில் இறங்குவோர் எவருக்கு விளங்க வேண்டுமோ அவர்களின் மொழியில் எழுதினார்கள் என்றேன். அவன் மேலும் ஒன்று கேட்டான்: "அப்படியென்றால் எங்கள் புத்தகத்தில் இது ஏன் ஒரு வரியில் முடிந்துவிட்டது?" அதற்கு நான் விடை கூறவில்லை. அவன் கண்ணாடியண்டை சென்று எழுத்துக் கூட்டி வாசிக்க முயன்றுகொண்டிருந்தான். அறுநூறு ஆண்டுக்கு முந்திய எழுத்து. ஓரிரு எழுத்துகளே பிடிபட்டன. அதுவே அவனுக்குப் போதுமானதாய் இருந்தது. எஞ்சிய மாணவர் அனைவரும் பஸ்ஸில் ஏறிய பின்னரும் அவனைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

நூதனசாலையிலிருந்து சுதந்திர சதுக்கம் அண்மையில் உள்ளது. சுதந்திர நினைவு மண்டபத்தைக் கண்டியின் அரசவை மண்டபத்தைப் பின்பற்றி அமைத்தனர். இப்பேச்சு உங்கள் செவிகளை வந்தடையும் வானொலி நிலையமும் அச்சதுக்கத்தின் அருகேதான். 1925 ஆம் ஆண்டு டிசெம்பரில் தொடங்கிய கொழும்பு வானொலியைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் கேட்டு வளர்ந்தோர் பலர். அவ்வழியால் நடக்கும்போது அக்கட்டடத்தை ஒருமுறை நோக்குவது தகும்.

பின்னர் கோட்டைக்குத் திரும்பி, அங்கிருந்து தெற்கே புகையிரதத்திற் செல்லுங்கள். காலி வீதி வழியாக 100, 101 ஆம் இலக்கப் பஸ்களும் புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தையைக் கடந்து செல்கின்றன. ஆயினும் கரையோரப் புகையிரதம் தரும் காட்சியை அவை தரா. வலப்பக்கத்து யன்னலோரம் அமருங்கள். கொள்ளுப்பிட்டியை நெருங்கியதும் திடீரெனக் கடல் வெளிப்படும். அதன் பின் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை வரை அலைகள் தண்டவாளத்தின் அருகே வந்து வந்து திரும்பும். அலுவலகம் கலையும் மாலை வேளையில் மட்டும் ஏற வேண்டாம். யன்னல் அன்று, கால் வைக்கும் இடமே கிடையாது. பஸ்ஸில் ஏறுவோர் "இஸ்ஸரஹாட்ட" என்று நடத்துநர் கூவினால் முன்னே நகர வேண்டும் என்று அறிந்துகொள்ளுங்கள். "கீயத?" என்றால் விலை எவ்வளவு என்று பொருள், "ஸ்துதி" என்றால் நன்றி. இம்மூன்றையும் பிழையாகச் சொன்னாலும் எதிரிலிருப்பவர் முகம் மலரும். நாம் தமிழிலே பேசவும் கூச வேண்டியதில்லை. இந்நகரிலே எதிரிலிருப்பவருக்குத் தமிழ் விளங்குவதுண்டு என்பதை வாய் திறந்தபின்தான் அறிவோம்.

வெள்ளவத்தை என்ற பெயரைக் கேட்டு, வெள்ளம் வரும் இடமோ என்று அஞ்சுவோர் உண்டு. சிங்களத்தில் 'வெல்ல' என்றால் மணல், 'வத்த' என்றால் தோட்டம். மணல் தோட்டம் என்பதே பொருள். ஒரு காலத்தில் இங்கே பெரிய நூல் நெசவாலை ஒன்று இயங்கியது. அது நின்ற நிலத்தில் இன்று மாடி வீடுகள் வானளாவுகின்றன. காலி வீதியின் இரு மருங்கும் புடைவைக் கடைகள், சைவ உணவகங்கள், பூக்கடைகள். பனங்கட்டியும் ஒடியல் மாவும் இங்கே கிடைக்கும். ஊரிலிருந்து கட்டிச் சுமந்து வர வேண்டியதில்லை. இராமகிருஷ்ண வீதியில் இராமகிருஷ்ண மிசன் உள்ளது. 57 ஆம் ஒழுங்கையிலே, 1942 இல் நிறுவிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அதன் நூலகத்துக்குள் ஒரு மணி நேரமாவது செல்லுங்கள். ஊரிலே தேடிக் கிடையாத ஈழத்துச் சஞ்சிகைகளின் பழைய இதழ்களை நான் அங்கே கண்டு, குறிப்பெடுத்து, பஸ்ஸைத் தவறவிட்ட நாளும் உண்டு.

இங்கு ஒன்றை மறைத்துப் பேச என் மனம் இடந்தரவில்லை. 1983 ஆம் ஆண்டு யூலையிலே இந்நகரின் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர்கள் பல மாய்ந்தன. 2007 ஆம் ஆண்டு யூன் 7 ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த வடக்கு கிழக்குத் தமிழர் முந்நூறுக்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. இவை பதிவான செய்திகள். முதன்முறை வரும் இளைஞருக்கு இதை ஏன் சொல்ல வேண்டும் என்று என் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். தந்தை ஏன் அலுவல் முடிந்தவுடன் ஊருக்குத் திரும்பத் துடிக்கிறார் என்பதைப் பிள்ளை அறிய வேண்டாமா? அறிந்தபின், அதே தெருவிலே அஞ்சாது நடக்கும் பிள்ளையைத் தந்தையும் காண வேண்டாமா?

தங்குவோர் விடுதியை முன்னதாகவே தொலைபேசியில் ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். அடையாள அட்டையை மறவாதீர்கள். விடுதிப் பதிவுக்கு அது வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் கடல் கொந்தளிக்கும். வெள்ளவத்தைக் கரை பாறை நிறைந்தது; அங்கே காலை நனைப்பதோடு நின்றுவிடுங்கள், குளிக்க இறங்க வேண்டாம். தண்டவாளத்தைக் கடக்கும்போது அலையின் ஓசையில் புகையிரத ஓசை அமிழ்ந்துவிடும். இரு பக்கமும் பார்த்தே கடக்க வேண்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மழை பெரும்பாலும் தவறாது, குடை அவசியம். போயா தினங்களிலும் அரச விடுமுறைகளிலும் எவை திறந்திருக்கும் என்பதை முன்னரே விசாரித்தல் நன்று. யாழ்ப்பாணம் செல்லும் இரவு பஸ்கள் பல வெள்ளவத்தையிலிருந்தே புறப்படுவதால், பயணப் பொதிகளை விடுதியில் ஒப்படைத்துவிட்டு மாலை முழுவதும் கடற்கரையில் இருக்கலாம்.

இத்தனையையும் என் உறவினருக்குச் சொன்னேன். "பார்ப்போம், அண்ணை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கடந்த வியாழன் மாலை ஏழு மணியளவில் அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அலுவல் முற்பகலிலேயே முடிந்துவிட்டதாம். நூதனசாலைக்குப் போனார்களாம், கல்லைப் பற்றி மகள் பேசிக்கொண்டே இருக்கிறாளாம். இடையிலே ஒரு பேரிரைச்சல் எழுந்து அவர் குரலை விழுங்கிற்று. "எங்கே நிற்கிறீர்கள்?" என்று உரத்துக் கேட்டேன். "கடற்கரையில்தான். றெயில் போகிறது. பஸ் பத்து மணிக்குத்தானே, இன்னும் நேரம் இருக்கிறது" என்றார்.